முளைப்புத் திறன்

இடதில் இரண்டு, வலதில் ஒன்று
எண்ணிச் சொன்னார் ஸ்கேன் டாக்டர்.
நாற்பத்தொன்றில்
மாதத்துக்கு நூறில் ஐந்து;
அதுவும் தங்கினால்தான்.

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
நெல் ஏற்றிய சரக்கு ரயில் நகரவேயில்லை.
தனபால் எதுவும் கேட்கவில்லை,
வெள்ளரிப்பிஞ்சு வாங்கி என் மடியில் வைத்தார்.

பதினாறு வருடமாய் என் வேலையும் எண்ணுவதுதான்.
ஈரத்தாளில் நூறு விதை சுருட்டி
பதினாலாம் நாள் பிரிப்பேன்.
எண்பதுக்குக் குறைந்தால்
சிவப்பு மசியில் ‘தேறவில்லை.’

போன தையில் ஒரு பழைய மூட்டை.
ஐந்துதான் வந்தது.
கையெழுத்துப் போட்டபிறகும்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐந்தும்
மற்ற நாற்றைப் போலவேதான் இருந்தன.
வேர் வெள்ளை. நுனியில் நீர்.

கேட் திறந்தது.
உப்பு வாங்கலையா, என்றேன்.