நின்றதற்குப் புள்ளி

கூட்டுப்பண்ணைச் சங்கத்தில் புள்ளி எழுதுகிறவன் நான்.
நாற்பத்து மூன்று பேர், ஒரு நீல நோட்டு,
காதில் செருகிய பென்சில்.
களை பிடுங்கினால் அரை.
கமலை இறைத்தால் ஒன்று.
வயிற்றுப் பிள்ளையோடு மிளகாய் பறித்த சந்தனக்காளிக்கு
முக்கால் போடச் சொன்னார் செயலர்,
குனிய நேரமாகிறதாம்.
அந்தக் காரணத்தையும் எழுதினேன்.

பங்குனியில் புள்ளியைக் காசாக்குவார்கள்.
விதைக்கடன், உரக்கடன்,
ஓடாத டிராக்டருக்குத் தவணை,
ஆபீசுக்கு அடித்த சுண்ணாம்பு
எல்லாம் போக
போன வருசம் புள்ளிக்குப் பதினோரு பைசா.
இருளாயிக்கு இருநூற்றுப் பத்துப் புள்ளி.
இருபத்து மூன்று ரூபாய் பத்துப் பைசாவை
முந்தானையில் முடிந்துகொண்டு
நோட்டைக் காட்டிக் கேட்டாள்:
"இதையும் குடுத்துரு. அடுப்பெரிக்க ஆகும்."

யாரும் கொடி பிடிக்கவில்லை.
சாயல்குடிக்கு நடந்துபோய் மனுக் கொடுக்கவில்லை.
மண்வெட்டி மட்டும் மெதுவாக இறங்கியது.
விடியலில் வரவேண்டியவர்கள் வெயிலோடு வந்தார்கள்.
சங்கத்து மாட்டுக்கு விலா எலும்பு எண்ணலாம்;
வீட்டுக்குப் பின்னால் கட்டிய வெள்ளாடுகளோ
எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கின.
சங்கத்துத் தழை எந்த வழியாகப் போகிறதென்று
எனக்குத் தெரியும்.
என் வீட்டிலும் ஒரு கிடாய் நின்றது.

மாசியில் தந்தி வந்தது,
ரஷ்யாவிலிருந்து பார்க்க வருகிறார்கள் என்று.
பரமக்குடிப் பக்கமிருந்து ஆறு ஜோடிக் காளை இரவல்.
டிராக்டரைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து
வேப்பமர நிழல்வரை தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினோம்,
இப்போதுதான் ஓடி ஓய்ந்ததுபோல.
கடலோரம் உவர் பூத்துக் கிடந்த தெற்குப் புஞ்சையை
பனையோலைத் தட்டி கட்டி மறைத்தோம்.
செயலர் எங்களுக்கு ஒரே ஒரு சொல் கற்றுக்கொடுத்தார்.
திருப்தி.

வந்தவர்கள் ஐந்து பேர்.
நான்கு பேருக்குச் சட்டை கசங்கவில்லை.
ஐந்தாமவனுக்கு நகக்கண்ணெல்லாம் கறுப்பு.
அவனும் பண்ணையாள்தான் என்றார் மொழிபெயர்ப்பாளர்.
ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று
செயலர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே
அவன் தட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.
உவர்மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தான்.
துப்பினான்.
இரவல் காளையின் கழுத்துக் காய்ப்பைத் தடவி
சங்கத்து நுகத்தடியைத் தூக்கி அளந்து பார்த்தான்.
பிறகு என் மேசைக்கு வந்தான்.

எழுத்து அவனுக்குத் தெரியாது.
எண் எல்லோருக்கும் ஒன்றுதானே.
அரை, அரை, முக்கால், ஒன்று, அரை
என்று விரலை இறக்கிக்கொண்டே வந்து
பதினொன்றில் நிறுத்தினான்.
தணிந்த குரலில் என்னவோ சொன்னான்.
மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார்.
"கையெழுத்து நேர்த்தியாக இருக்கிறது என்கிறார்."

ஜீப்புக்குப் போகும் வழியில்
இருளாயியின் ஆட்டைக் காட்டி
அவளைக் காட்டினான்.
"என்னுது" என்றாள், நெஞ்சில் கை வைத்து.
சட்டைப் பையிலிருந்த ரொட்டித் துண்டை ஆட்டுக்குக் கொடுத்துவிட்டு
தன் நெஞ்சைத் தொட்டு
இரண்டு விரலைக் காட்டினான்.
இரண்டு ஆடா, இரண்டு பசுவா,
இன்றுவரை எங்களுக்குள் வழக்குத் தீரவில்லை.

ஜீப் கிளப்பிய புழுதி அடங்குமுன்
காளைகள் ஊர் திரும்பின.
தட்டியைப் பிரித்தோம். உவர் அங்கேயே இருந்தது.
பொழுது சாயப் புள்ளிக்கு வரிசை நின்றது.
இருளாயி முன்னால்.
"காலையிலேருந்து வெயில்ல நின்னோம்.
சொன்னப்பல்லாம் சிரிச்சோம்.
அதுக்கு எத்தனை?"
நிற்பது வேலையில் சேராது என்றார் செயலர்.
"சேராதுல்ல?
அப்ப நாளைக்கும் நிக்கிறோம்."

மறுநாள் கச்சான் காற்று கண்ணில் மண்ணை வீச
நாற்பத்து மூன்று பேரும்
மண்வெட்டிக் காம்பில் நாடியை ஊன்றி
வரப்போரம் நின்றார்கள், பொழுது இறங்கும்வரை.
செயலர் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறியிருந்தார்.
நோட்டைத் திறந்தேன்.
நாற்பத்து மூன்று பேருக்கும் ஒன்று போட்டேன்.
காரணம் எழுதவில்லை.