நாற்பது சொற்கள்

ஷெர்பூர் துறையில்
நீர்மூழ்கியை நீரில்லாமல் நிறுத்தியிருக்கிறார்கள்.
அணு உலையை அறுத்தெடுத்த இடத்தில்
வெறும் இரும்புக்குழாய்;
பள்ளிப் பிள்ளைகள் உள்ளே கூவிப் பார்க்கிறார்கள்.

கெர்ப்ரா டிக்கெட் வாங்கித்தான் நுழைந்தார்.

வாரத்துக்கு நாற்பது சொற்கள்
வீட்டிலிருந்து வரும்.
அவர்தான் முதலில் படிப்பார்.
பதில் அனுப்பக் கூடாது.
சாவுச் செய்தி என்றால்
கரையேறும்வரை சொல்லவும் கூடாது.

ரொட்டி சுடும் லுவார்னின் மகள் தவறியது
பயணத்தின் இருபதாம் நாள்.
மிச்சம் நாற்பத்தொரு காலை
அவன் கையால் சூடாக வாங்கித் தின்றார்.
"உப்பு சரியா?"
சரி.

வானொலி அறையில் இப்போது
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொம்மை,
காதில் ஹெட்போன்.
உதடுகளை ஒட்டியே செதுக்கியிருக்கிறார்கள்.

யார் சொன்னார்களோ.