மைலோ அட்டையில் தேதிகள்

ஜெலுத்தோங் ஃபிளாட்டில், பத்தாம் தூணுக்குப் பக்கத்தில்
இரவு மோட்டாரை நிறுத்தியதும்
இன்ஜினுக்கு அடியில் ஒரு மைலோ பெட்டியின் அட்டையை
விரித்து வைப்பேன்.
காலையில் சொட்டுகளை எண்ணி
பேனாவால் வட்டமிட்டுத் தேதி எழுதுவேன்.
மூன்றாம் தேதி நான்கு.
நான்காம் தேதி ஏழு.
ஐந்தாம் தேதி சாரல் உள்ளே அடித்து
அட்டையே ஊறிப்போனது. கணக்கில் சேர்க்கவில்லை.

எழுபது சிசி கப்பச்சாய், என்னைவிட இரண்டு வயது மூத்தது.
தம்பி தேவசகாயம்
தர வேண்டிய மூவாயிரம் வெள்ளிக்குப் பதிலாக
சாவியைக் கையில் வைத்துவிட்டு ஜொகூருக்குப் போனான்.
'நல்லா ஓடும்க்கா' என்றான்.
ஓடத்தான் செய்தது,
எண்ணெய்.

பகலில் பாயான் லெப்பாஸில்
உருப்பெருக்கியின் கீழ் ஈயப் பற்றுகளைப் பார்ப்பது பிழைப்பு.
பலகைக்கு எட்டு நொடி.
மயிரிழை விரிசல் தெரிந்தால் சிவப்புத் தட்டு, அடுத்தது.
யார் செய்த தவறு என்று கேட்க
அங்கே எனக்குச் சம்பளம் இல்லை.

கியர் தண்டு சீல் என்றான் உதிரிக் கடை டான். நாலு வெள்ளி.
மாற்றினேன். மறுநாள் ஐந்து சொட்டு.
அப்படியானால் ஸ்ப்ராக்கெட் சீல். ஆறு வெள்ளி.
அப்புறம் கிளட்ச் மூடியின் கேஸ்கெட், ஒன்பது.
பழையதைப் பிளேடால் சுரண்டியே இரண்டு இரவு போனது.
அட்டையில் ஆறு.

எண்ணெய்க்கு ஒரு கெட்ட பழக்கம்,
பிறந்த இடத்தில் நிற்காது.
காற்று தள்ளினால் பின்னால் போகும்,
இடுக்கில் இறங்கும்,
சம்பந்தமே இல்லாத ஒரு போல்ட்டின் தலையில் உட்கார்ந்து
'நான்தான்' என்று கைதூக்கும்.
மூன்று முறை நம்பிவிட்டேன்.

ஞாயிறன்று மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷுமாகக் குளிப்பாட்டி
வெயிலில் நிறுத்தி
இன்ஜின் முழுக்கக் குட்டிக்கூரா பவுடர் தூவினேன்.
மேல்மாடி சல்மியா எட்டிப் பார்த்து
மாப்பிள்ளை எங்கே என்றாள் மலாயில்.

ஆயர் ஈத்தாம் ஏற்றம் வரை போய்த் திரும்பி
விளக்கடியில் குனிந்தேன்.
வெள்ளையில் கறுப்பு இழை ஒன்று இருக்கும், பிடித்துவிடலாம்
என்றுதான் நினைத்திருந்தேன்.
எல்லா இணைப்பிலும் இருந்தது.
பழைய சீல், புது சீல், மேல்மூடி,
எல்லாம் ஒரே அளவு வியர்த்திருந்தன.

எண்ணெய் அளக்கும் குச்சியைத் திருகினேன்.
புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு.

எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததோ.

சட்டத்துக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாய் தொங்கும்,
இன்ஜின் மூச்சுவிட.
ஓடவிட்டு அதன் வாயில் விரலை வைத்துப் பார்த்தேன்.
காற்று இல்லை, சூடும் இல்லை.
கழற்றி, சாத்தே குச்சியால் குத்தினேன்.
செம்மண் கட்டி உதிர்ந்தது,
கூடவே கால் மடக்கிய ஒரு சிலந்தி.

குளவிக் கூடு.
நிபோங் தெபாலில், அவன் வாடகை வீட்டுக்குப் பின்னால்
பதினோரு மாதம் தொடாமல் கிடந்த வண்டி.
குளவியைக் குறை சொல்ல முடியாது.
நல்ல வீடு, மழை படாது, கேட்பாரும் இல்லை.

மண்ணையும் சிலந்தியையும் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன்.
எட்டு மாதத்தில் முதல் செய்தி.
இரண்டு கோடும் உடனே நீலமாயின.
இரவு பதினொன்றுக்குத்தான் பதில்:
'செலவு எவ்ளோ?'
பத்தொன்பது வெள்ளி என்று அடித்தேன்.
அனுப்பிய பிறகு
'குச்சி சும்மா கிடைத்தது' என்றும் சேர்த்தேன்.
தட்டச்சு செய்கிறான், நிறுத்துகிறான்,
தட்டச்சு செய்கிறான் என்று காட்டிக்கொண்டே இருந்தது.
தூங்கிவிட்டேன்.

இன்று காலை புது அட்டையில் ஒரே ஒரு சொட்டு.
வடிகால் போல்ட்டின் வளையமாக இருக்கலாம்.
இருக்கலாம் என்பதோடு விட்டுவிட்டு
ஏழு ஐந்துக்கு உதைத்துக் கிளப்பினேன்.
பேனா மேலே, வீட்டில் இருந்தது.