தேடிய தேட்டம்

பொபினி நீதிமன்றம் எழுதிய பதினொரு பக்கம்
பிளாஸ்ரிக் உறைக்குள் பாஷையூருக்கு வந்தது.
கொண்டுவந்தவன் நிக்சன்,
அக்கா அன்ரனிற்றாவின் அற்றோனித் தத்துவக்காரன்.
கையில் மீன் மணக்குமென்று
உறையின் ஓரத்தை மட்டும் பிடித்து நீட்டினான்.

பக்கத்துக்கு எண்ணூறு ரூபா.
சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளன் நான்.
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்.

முதல் வரியிலேயே தட்டுப்பட்டது:
“பிரெஞ்சு மக்களின் பெயரால்.”
மன்றில் அதை வாசித்தபோது
எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பினார்.
“அந்த மக்கள் ஆர், கனம் நீதிபதி அவர்களே?
இந்த நியாயாதிக்கத்துக்குள் ஒருவரையும் காணேனே.”
பின்வாங்கில் ஆரோ சிரித்தார்கள்.
ஸ்ரனிஸ்லாஸ் சிரிக்கவில்லை.
புதுச் சேட்டின் மடிப்புக் கலையாமல் இருந்தான்.

பட்டியலில் பிரான்ஸ் இல்லையாம்.
நம் தீர்ப்பை அவர்கள் ஏற்றால்
அவர்கள் தீர்ப்பை நாம் ஏற்பதாம்.
நம் செத்தவீட்டுக்கு வராதவன் வீட்டுச் சாவுக்கு
நாமும் போகாத மாதிரி.
ஆகவே முதலிலிருந்து புது வழக்கு.
அங்கே வென்றவள் இங்கே மறுபடி வாதி.

எனக்கும் அந்த நாட்டில் ஒரு தீர்ப்பு எழுதினார்கள்.
ஒன்றரைப் பக்கம்: அகதி அல்ல.
அகராதி வைத்து அதை வாசித்துத்தான்
என் பிரெஞ்சே திருந்தியது.
அது எல்லை கடக்க
ஒருவரும் பட்டியல் பார்க்கவில்லை.
இரண்டு பொலிசுக்கு நடுவில் ஓர் இருக்கை,
விடியக் கட்டுநாயக்கா.
முத்திரை ஈரம் காயமுன்
நிறைவேறிவிட்டது.

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டளை:
படைத் தளபதிகளும் அதிகாரிகளும்
கேட்கப்பட்டால் கைகொடுக்க வேண்டுமாம்.
“படை” என்று எழுதினேன். வெட்டினேன்.
லா கூர்நெவ்வில் விடுதிப் போர்வைகள் தேய்த்த
ஒருத்தியின் கூலிக்காக
இந்த ஊரில் அந்தச் சொல்லை
எந்தப் படலைக்கு அனுப்புவது?
“பொது வலு” என்று மாற்றிப் பார்த்தேன்,
உரமூட்டைப் பெயர் போலிருந்தது.
திரும்பவும் “படை.”
சத்தியம் செய்தவன்.

ஆறாம் பக்கம்தான் இரண்டு இரவைத் தின்றது.
கலியாணத்துக்குப் பின் இருவரும் உழைத்துச் சேர்த்ததற்கு
அவர்கள் சட்டத்தில் ஒரு நீண்ட பெயர்.
அகராதி கைவிரித்தது.
மூன்றாம் நாள் பல் தீட்டும்போது
வாய்க்குள் வந்து நின்றது:
தேடிய தேட்டம்.
கொழும்புத்துறையில் அவன் எழுப்பிய மேல்மாடி
தேடிய தேட்டம். அரைவாசி அவளுக்கு.

“மொழிபெயர்ப்பாளர்
தேசவழமையைப் பாரிசுக்கு ஏற்றுமதி செய்கிறார்!”
சட்டத்தரணியின் குரல் முகட்டில் பட்டது.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
“வேறு சொல் இருந்தால் தாரும்.”
காற்றாடி சுற்றியது.
சட்டத்தரணி தாளைப் புரட்டினார்,
பிறகு முன்னுக்குப் புரட்டினார்.
தவணை கேட்டார்.
ஒரு சொல்லைத் தேட
ஒன்றரை மாதம் கொடுத்தார்கள்.

நிக்சன் வெளியில் வைத்தே அக்காவுக்கு அடித்தான்.
அங்கே அவள் இன்னும் விடியாத வேலைக்குப் போகிறாள்,
ரயில் சத்தம்.
“ஏற்றுக்கொண்டதோ?”
“இல்லையக்கா. ஆனால் விளங்கிக்கொண்டது.”
அதை நான் மொழிபெயர்க்கவில்லை,
அவனாகச் சொன்னது.

வரும் வழியில் சைக்கிளை நிறுத்தி
இருவரும் அந்த வீட்டைப் பார்த்தோம்.
நான் யன்னல்களை எண்ணினேன்.
பதினைந்து.
“அப்ப அக்காவுக்கு ஏழரை” என்றான் நிக்சன்,
சொன்ன பிறகுதான் சிரிப்பு வந்தது அவனுக்கு.
மேலே ஒரு யன்னல் திறந்து,
எங்களைக் கண்டு,
ஒற்றைக் கதவை மட்டும் சாத்தியது.