சாவி

சுகாதார நிலையத்தின் சாவி
இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கிறது.
இந்த பவேரியச் சிற்றூரின் ரொட்டிக் கடையில்
சில்லறை தேடும்போது
விரலில் இடறுகிறது.

மால்டோவாவில், ப்ருட் ஆற்றுக்குக் கொஞ்சம் கிழக்கே,
அதைப் பெருக்குபவள் நான்.
அடுப்பு மூட்டுபவளும் நான்.
டாக்டர் ருக்ஸாண்டா போன பிறகு
பூட்டுபவளும்.

வெள்ளை அங்கியை ஆணியிலேயே விட்டுப் போனார்,
பையில் ஒரு பேனா,
பாதி தீர்ந்த பெப்பர்மின்ட் சுருள்.
மாதம் ஒருமுறை அதைத் துவைத்துக் காயப்போட்டேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மாவட்டத்திலிருந்து வந்தவர்
காகிதத்தை விரித்துக் காட்டினார்:
கணக்குப்படி நம் நாட்டில் குறைவே இல்லை,
ஆயிரம் பேருக்கு மூன்று டாக்டர்,
அதற்கு மேலும் ஒரு புள்ளி.
பாக்கோமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.
எங்கள் ஊரில் முந்நூறு பேர்தான்;
அப்படியானால் ஒருவர்கூட முழுசாய் வராது.
"பரவாயில்லை, வருகிற துண்டை அனுப்புங்கள்.
காது இருக்கிற துண்டாய்ப் பார்த்து."

பிப்ரவரியில் அவருக்கு நெஞ்சு வலித்தது.
ஆம்புலன்ஸ் நாற்பது கிலோமீட்டர், பனியில்.
சாவி என்னிடம் இருந்ததால்
என்னிடம் கொண்டுவந்தார்கள்.
பெஞ்சில் கிடத்தினேன். அடுப்பை மூட்டினேன்.
ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி
பந்தை அழுத்தினேன், டாக்டர் அழுத்துவதுபோல.
முள் துடித்தது.
அந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது.
வண்டி வந்தபோது
அறை நன்றாகச் சூடேறியிருந்தது.
அவர்தான் ஆறிப்போயிருந்தார்.

இங்கே திருமதி ஹெட்விக்கைக் கவனிக்கிறேன்.
குளிப்பாட்டல், சூப், மாத்திரைப் பெட்டி.
வியாழன் இரவு ஜுரம், முப்பத்தொன்பதரை.
மகள் தொலைபேசியில் அலுத்துக்கொண்டாள்:
எங்கள் பழைய டாக்டர் சுவிட்சர்லாந்து போய்விட்டார்,
அங்கே சம்பளம் இரண்டு மடங்காம்.
இப்போதெல்லாம் அரைமணி காக்க வேண்டியிருக்கிறது.

இருபத்தாறு நிமிடம்.
கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர் காலணியில் பனி.
மாத்திரைகளை நான் முணுமுணுத்து எண்ணியதைக் கேட்டு
சட்டென்று திரும்பினார்.
ஊன், தொய், த்ரெய்.
அதே மொழி; ஆற்றின் அக்கரை இழுப்பு.
பெயர் ஒட்டிலியா.
ஐந்து வருடமாயிற்று ஊரை விட்டு.
"என் இடத்துக்கு உடனே ஆள் கிடைத்ததாம்.
உங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தாராம்.
ருக்ஸாண்டா என்று பெயர்.
கைராசிக்காரி என்கிறார்கள்."

ஆமாம் என்று நான் சொல்லவில்லை.
தேநீர் ஊற்றினேன்.

தேவாலயத்துப் பெஞ்சில்
அடுப்போரம் ஓர் இடம் காலியானால்
எல்லோரும் ஓர் அடி நகர்ந்து உட்காருவார்கள்.
யாரும் யாரையும் தள்ளுவதில்லை.
கதவோரத்து இடத்தில் மட்டும்
காற்று வந்து உட்காரும்.

கோபம் வந்தது.
இறக்கி வைக்க இடம் தேடினேன்.
அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம்,
இந்த மாதம் பதினோராவது இரவுப்பணி.
நான் மட்டும் எப்படி வந்தேன்?
என் அம்மாவை மூன்றாம் வீட்டு ஸ்தெலியானா பார்த்துக்கொள்கிறாள்,
மாதம் தொண்ணூறு யூரோவுக்கு.
ஸ்தெலியானாவின் அம்மாவை யார் பார்க்கிறார்கள் என்று
இதுவரை நான் கேட்டதில்லை.

"அங்கே இப்போது யார் இருக்கிறார்கள்?"

சாவியை எடுத்து
மேசைமேல், தெர்மாமீட்டர் பக்கத்தில் வைத்தேன்.
எத்தனை டிகிரி என்று பார்ப்பவர்போல
குனிந்து பார்த்தார்.
அதற்குள் அவர் போன் அடித்தது,
அடுத்த தெருவில் ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறல்.
தேநீர் அப்படியே இருந்தது.

விடியற்காலை ஹெட்விக்குக்கு வியர்த்து ஜுரம் இறங்கியது.
போர்வை மாற்றினேன். நிம்மதியாகத்தான் இருந்தது,
பொய் சொல்வானேன்.
சாவியைப் பைக்குள் போட எடுத்தபோது
கை சுட்டது.
இரவெல்லாம் ஹீட்டர் ஓரமாய்க் கிடந்திருக்கிறது.