மஞ்சள் கரு

அந்த ஆகஸ்டில் முந்நூறு முட்டை உடைத்தேன்.
படம் பிடிக்க எடின்பரோவிலிருந்து வந்தவர்
திருவாளர் கின்மண்ட்.
விரல் நுனியெல்லாம் கறுப்பு,
சட்டையில் மயக்க மருந்து வாசனை.
அவருக்கு வெள்ளைக் கரு மட்டும் போதுமாம்.
உப்புப் போட்டு நுரைக்க அடித்து
ஊறவிட்டுத் தாளில் பூசுவாராம்.
அதன்மேல் வெள்ளி.
அதன்மேல் இளவரசி.

மஞ்சளை என்ன செய்ய என்றேன்.
அது உன் பாடு என்றார்.

கஞ்சியில் மஞ்சள், ரொட்டியில் மஞ்சள்,
வேட்டை நாய்களின் மீசையில் மஞ்சள்.
கோழியை இனி நேருக்கு நேர் பார்க்க
வெட்கமாயிருக்கிறது என்றான்
லாயத்து யூவன்.

கூரை எரிந்த பழைய கோபுரத்தின் முன்
நாற்காலிகள் போட்டார்கள்.
இருபது எண்ணும்வரை
யாரும் அசையக் கூடாது.
இளவரசியின் பிடரியில் ஓர் இரும்புக் கவ்வி,
கவ்வியை மறைக்க ஒரு கொண்டை.
கம்பியில் கோத்த வாத்து நினைவுக்கு வந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?
மீந்த மஞ்சளை வாளியில் எடுத்துக்கொண்டு
பன்றிக் கொட்டிலுக்குப் போகிற வழியில்
முற்றத்தில் கால் வைத்தேன்.
அத்தனை பேரும் கல்லாய் உட்கார்ந்திருந்தார்கள்.
யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து
வாளியைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு
நானும் நின்றேன், மரியாதைக்கு.

எட்டு, ஒன்பது என்று அவர் முணுமுணுப்பது கேட்டது.
அப்போதுதான் புரிந்தது. ஓடினேன்.

தாளில் எல்லாம் எழும்பி வந்தபோது
கொடிக்கம்பத்தில் கொடி இல்லை.
சின்ன இளவரசருக்கு முகம் இருந்த இடத்தில்
கொஞ்சம் புகை. தும்மியிருக்கிறார்.
நாய்க்கு வால் விசிறியாகிவிட்டது.
கிணற்றருகே ஒரு பெண் உருவம்,
ஏப்ரனுக்குள்ளே கற்கள் தெரிய.

யார் இது என்று இளவரசி கேட்டாராம்.
யாருமில்லை அம்மணி, கல்லில் ஈரம்,
என்றாராம் கின்மண்ட்.

பதினேழு வருடம்
அந்தச் சட்டத்தைத் துடைத்திருக்கிறேன்.
வெளுப்பாய் இருந்ததெல்லாம்,
வானம், கையுறை, இளவரசியின் கழுத்து,
ஒவ்வொரு குளிர்காலமும் கொஞ்சம் கொஞ்சமாய்
மஞ்சளித்துவிட்டது.
பன்றிக்குப் போனது எப்படித் திரும்பி வந்தது என்று
யூவனைக் கேட்டேன்.
அவனுக்கு இப்போது காது கேட்பதில்லை.

புதிதாய் வந்த பெண்ணுக்குக் காட்டினேன்.
என்னைக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை.
வாளியைப் பார்த்துவிட்டாள்.
அதன் கைப்பிடி, வளையம்,
விளிம்பில் நான் விழவைத்த நெளிவுகூட
துல்லியம்.