நிறுத்தம்: நாற்பது நிமிடம்

டூயிஸ்பூர்க், ஜனவரி.
ரைன் கரையில் பழைய சோபாக்கள்
பனி போர்த்து மலையாய்க் கிடக்கின்றன.
இரவு ஷிப்டில் நாங்கள் மூன்று பேர்,
அரவை இயந்திரம் ஒன்று.
அது தின்னும். நாங்கள் அதன் வாய் துடைப்போம்.

மரத்தூள், நுரைத்தூள், துணிப் பஞ்சு,
யாரோ படுத்தெழும்பிய மெத்தையின் மா,
எல்லாம் கம்பியில், குழாயில், விளக்கு மூடியில்
சத்தமில்லாமல் வந்து குந்தும்.
விகாண்ட் அம்மா முதல் நாளே சொன்னா:
"தூசியில் விரலால் பெயர் எழுத முடிந்தால்
அது அளவு மீறிய தூசி.
இரும்பின் பச்சைப் பெயிண்ட் தெரிய வேண்டும்."

என் பெயர் மங்கையற்கரசி.
அட்டையில் இடம் போதாமல்
'மங்கை'யோடு நிறுத்திவிட்டார்கள்.
முழுப் பெயரும் கொள்ளும் இடம்
நாலாம் பெல்ட்டுக்கு மேலுள்ள குறுக்குச் சட்டம்தான்.
ஒருமுறை எழுதிப் பார்த்தேன், கடைசிச் 'சி'யின் சுழி வரை.
பிறகு உறிஞ்சு குழாயை வைத்தேன்.
காற்றடித்து ஊதக் கூடாது.
ஊதினால் எழும்பும். எழும்பிய தூசிக்கு
ஒரு பொறி போதும், கூரை போய்விடும்.
குந்தியிருக்கும்போதே அள்ள வேண்டும்,
நித்திரை கொள்ளும் கடிநாயின் முன்னிருந்து
கோப்பையை எடுப்பதுபோல.

இன்று இரண்டே காலுக்கு
நெஜாத்தி வெப்பக் கமராவைத் திருப்பினான்.
திரையெல்லாம் நீலம்.
கடைசி உருளையின் தாங்கியில் மட்டும்
ஒரு மஞ்சள் பொட்டு.
எழுபத்தொன்று என்றது எண்.
பார்த்துக்கொண்டிருக்கவே எண்பத்து நாலு.
சிவப்புப் பொத்தானை நான் அடித்தேன்.

நிற்கும்போது இயந்திரம் நீளமாய் ஏப்பம் விடும்.
அதற்குப் பிறகு
ஆற்றில் சரக்குப் படகு போவது கேட்கும்.
பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்து,
மூடியைக் கழற்றினோம்.
தண்டைச் சுற்றி நூறு சுற்று,
கிறிஸ்மஸ் மின்விளக்குச் சரம்.
குமிழ்கள் நொறுங்கி, உறை இளகி,
பஞ்சும் தூளும் ஒட்டி ஒரு கூடு.
கூட்டின் உள்ளே கறுப்பு.
புகை இல்லை.
இன்னும் இல்லை.

நெஜாத்தி கத்தியால் வெட்ட வெட்ட
நான் ஈரத் துணியால் ஒற்றினேன்.
ஒரேயொரு குமிழ் உடையாமல் இருந்தது.
"எந்த வீட்டு யன்னலோ" என்றான்.
திரை முழுக்க நீலமாகும்வரை
இருவரும் கதைக்காமல் நின்றோம்.

தொலைபேசியில் நிர்வாகம்:
ஏன் நிற்கிறது? எத்தனை தொன் நட்டம்?
விகாண்ட் அம்மா காதிலிருந்து அதைத் தள்ளிப் பிடித்தபடி
பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி
என்னிடம் நீட்டினா.

நிறுத்தம்: நாற்பது நிமிடம்.
காரணம்: விளக்கு.
கையொப்பத்துக்குக் கீழ்க்கோடு நீளமாய் இருந்தது,
முழுப் பெயரையும் எழுதினேன்.
அதற்குள் நாலாம் பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது.
சட்டத்தின் பச்சையில்
முதல் தூள்.